கத்தாழை நார் பிரஷும் ஆயாவின் பீர்க்கங்கூடும்

காட்பாடியில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது, மேலே கைக்குட்டை அளவுக்கு ஒரு காற்றுத் துவாரம் மட்டும்தான். போன ஐப்பசி மழையில் ஆசையாக வாங்கிய உடம்பு தேய்க்கும் பிரஷ் ஒன்று அந்த அறையிலேயே கெட்டுப்போனது. நல்ல பிரஷ் அது. மரக்கட்டையில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு கற்றை நார் செருகியிருப்பார்கள். குளித்து முடித்து நனைந்தபடியே மூலையில் சாய்த்து வைத்துவிட்டு வருவேன். மூன்றே வாரத்தில் நார் கட்டைக்குள் இறங்குகிற இடத்தில் கறுப்பு கறுப்பாகப் புள்ளிகள், முகர்ந்தால் மழையில் ஊறின சாக்கு வாடை. கட்டையும் நீளவாக்கில் விரிந்துவிட்டது. தூக்கிப் போடும்போது மனசு வலித்தது.

இந்த பிரஷ்களில் பெரும்பாலும் இருப்பது கத்தாழை நார்தான். அட்டையில் சிசால் என்று போட்டிருக்கும். நம் பக்கம் ரயில் பாதை ஓரமும் கொல்லை வேலியிலும் நுனியில் முள்ளோடு நிற்குமே, யானைக் கத்தாழை, அந்த இனம். மடலை வெட்டி, சதையை வழித்தெடுத்துவிட்டு நாரை அலசிக் காயப்போடுவார்கள். சிசால் என்பது மெக்சிகோவில் யுகாட்டான் கரையில் இருக்கும் ஒரு துறைமுகத்தின் பெயர், அந்த வழியாகக் கப்பலேறியதால் நாருக்கும் அதே பெயர். டாம்பிகோ என்று போட்டிருந்தால் அது மெக்சிகோவிலேயே விளையும் இன்னொரு கத்தாழை, அதற்கும் ஒரு துறைமுகத்தின் பெயர்தான்.

சரி, தேய்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். உடம்பும் பிரஷும் இரண்டுமே உலர்ந்திருக்கும்போது, குளிப்பதற்கு முன்னால் தேய்ப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது. பாதத்தில் ஆரம்பித்து கெண்டைக்கால், தொடை என்று மேலே வந்து, அப்புறம் கை, முதுகு. வயிற்றில் லேசாக. முகத்துக்கு வேண்டவே வேண்டாம். மூன்று நான்கு நிமிஷம் போதும், வாரத்துக்கு இரண்டு தடவை போதும். தோல் சிவந்து எரிந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், சுத்தம் அதிகம் என்று அர்த்தமில்லை. புது பிரஷ் நார் முரடாகத்தான் இருக்கும், நாலைந்து தடவைக்கு அப்புறம் படியும். முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரம் காய்வதற்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

சித்திரை, வைகாசியில் நம் வேலூர் வெயிலுக்கு வேர்க்குரு வராதவர்கள் குறைவு. அது இருக்கும்போது பிரஷைத் தொடாதீர்கள். படை, சொறி, ஷேவ் செய்த காயம், கரப்பான் எது இருந்தாலும் அப்படித்தான். பிரஷ் போட்டால் உடம்பில் இருக்கும் நச்செல்லாம் வெளியேறும், தொடைக் கொழுப்பு கரையும் என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம், அதற்கு ஆதாரம் கிடையாது. செத்த தோல் உதிரும், கை கால் வழவழப்பாகும், குளிக்கும் முன் உடம்பு விறுவிறுவென்று ஆகும். எனக்கு அதுவே போதும்.

பராமரிப்பில் நான் கற்றுக்கொண்டது, நார் தேய்ந்து கெடுவதைவிட ஈரத்தில் கெடுவதுதான் அதிகம். உலர் பிரஷாக வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் கழுவத் தேவையில்லை, தட்டினால் தூசி உதிர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நார் முனையை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி, கட்டை நனையாமல் பார்த்து, நன்றாக உதறி, நார் கீழே பார்க்கத் தொங்கவிடுகிறேன். மேலே பார்க்க வைத்தால் தண்ணீர் கட்டைக்குள் இறங்கிவிடும். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, நாரில் வெள்ளையாகப் படிகிறது, அதனால் கடைசி அலசல் மட்டும் குடிதண்ணீரில். கத்திரி வெயிலில் நேராகக் காய வைத்தால் கட்டை வெடிக்கும், காற்று வரும் நிழல்தான் நல்லது. கொதிநீரில் போட வேண்டாம். வீட்டில் ஆளுக்கு ஒன்று, பொதுவில் கூடாது.

இதெல்லாம் குடியாத்தத்தில் எங்கள் ஆயா செய்ததுதான். பந்தலில் கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயை ஊறவைத்துத் தோலை உரித்து, விதையை உதறி, மிஞ்சும் நார்க்கூட்டை உடம்பு தேய்க்க ஒரு ஜாண் நீளத்துக்கு வெட்டுவாள். குளித்ததும் அந்தக் கூட்டைப் பிழிந்து, குளியலறையில் வைக்காமல் கிணற்றடிக் கம்பத்தில் இருக்கும் ஆணியில் மாட்டுவாள். "ஈரத்துல வச்சா புழுங்கிப் போவும் கண்ணு" என்பாள். ஒரு மாசத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள், பழசு எருக்குழிக்குப் போய்விடும். ஈரமான பீர்க்கங்கூட்டில் கிருமிகள் நன்றாகப் பெருகித் தோலுக்குப் பரவக்கூடும் என்று 1994-ல் அமெரிக்க நுண்ணுயிரியல் இதழ் ஒன்றில் ஆய்வு வந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆணிதான் நினைவுக்கு வந்தது.

புது பிரஷ் இப்போது பால்கனியில் துணிக்கொடி பக்கத்தில் தொங்குகிறது. ஆடியில் மாடித் தொட்டியில் பீர்க்கன் விதையும் போட்டேன், இரண்டு காயைச் சமையலுக்குப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு வைத்திருக்கிறேன். இன்று காலை ஒன்றை ஆட்டிப் பார்த்தேன், விதை இன்னும் கலகலக்கவில்லை.