எல்லோரும் எனக்குத்தான் போட்டார்கள்

தேர்தல் முடிந்த மூன்றாம் நாள் பக்கத்து ஒழுங்கை மச்சாள் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தாள். இரண்டு கையையும் அகல விரித்து நின்றபடியே, "உனக்குத்தான் போட்டேன், தெரியும்தானே" என்றாள். நாடாவை அவள் தோளில் பிடித்துக்கொண்டு, "தெரியும் மச்சாள்" என்றேன். விரலில் மை இன்னும் அழியவில்லை. அன்று காலையிலிருந்து அதைச் சொன்னவர்களில் அவள் ஏழாவது ஆள்.

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் என் வீட்டு முன்விறாந்தையில் இரண்டு தையல் மெஷின்கள் இருக்கின்றன. அதைக் கடை என்று சொல்ல முடியாது. ஆனால் வட்டாரத்தில் பாதிப் பெண்களின் கழுத்தளவும் கையளவும் என் கொப்பியில் உண்டு. எங்கள் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு நிற்கலாம் என்ற துணிச்சல் அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வந்தது.

முதலில் என்னைத் தேடி வந்தது ஒரு கட்சி. 2023 தை மாதம், வேட்புமனுக் காலம். வட்டார வேட்பாளர்களில் பத்து வீதமும், மேலதிகப் பட்டியலில் (வட்டாரத்தில் நிற்காமல், குழு வாங்கும் மொத்த வாக்கைப் பொறுத்து உறுப்பினராகக் கூடியவர்களின் பட்டியல்) பாதியும் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வந்த தம்பி வெளிப்படையாகவே கேட்டார்: "அக்கா, பெயரும் கையெழுத்தும் போதும். நீங்கள் ஒரு படலையும் தட்டத் தேவையில்லை." பட்டியலில் வேண்டாம், வட்டாரத்தைத் தாருங்கள் என்றேன். வட்டாரம் ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்டதாம். நானும் எங்கள் ஒழுங்கைக்காரர் சிலரும் ஒரு சுயேச்சைக் குழுவில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். கட்சிக்காரருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபாய், சுயேச்சைக்கு ஆளுக்கு 5,000. கோபத்துக்கு 3,500 ரூபாய் மேலதிகக் கூலி என்று என் தங்கை கணக்குச் சொன்னாள்.

அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. மார்ச் 9 என்றார்கள், பிறகு ஏப்ரல் 25 என்றார்கள். வாக்குச்சீட்டு அச்சடிக்கக் காசு இல்லை என்றார்கள். 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. பழைய மனுக்களெல்லாம் இரத்தாகி, 2025 மார்ச்சில் புதிதாகத் தாக்கல் செய்தோம். இரண்டு வருடம் வேட்பாளராக இருந்து ஒரு வாக்கும் வாங்காதவள் என்ற பட்டம் எனக்கு அதற்குள் கிடைத்துவிட்டது. (எங்கள் சின்னத்தை இங்கே எழுதப்போவதில்லை. சுயேச்சைச் சின்னம் இரவல் சேலை மாதிரி, அடுத்த முறை யார் உடுப்பார்களோ தெரியாது.)

சித்திரை வெயிலில் படலை படலையாக ஏறி இறங்கியபோது ஒன்று விளங்கியது. மக்கள் கேட்பது வேறு, சபை செய்யக்கூடியது வேறு. குடிநீர் கேட்டார்கள், அது நீர் வழங்கல் சபையின் வேலை. மின்கட்டணம் குறையுமா என்றார்கள். அதுவும் பிரதேச சபையின் வேலை இல்லை. காணி உறுதி, மகனுக்கு வேலை, வீட்டுத்திட்டம் எதுவும் பிரதேச சபை உறுப்பினரின் கையில் இல்லை. தெருவிளக்கு, குப்பை, உள்வீதி, வடிகான், நூலகம், சந்தை, மயானம்: இவ்வளவுதான். இதை நான் உள்ளபடி சொன்னேன். அது அரசியல் புத்தி இல்லை என்று இப்போது தெரிகிறது. கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய்ப் பேசியபோது, ஒரு பெரியவர், "பிள்ளை, முதலில் கயிற்றைப் பிடி, பிறகு கதை" என்றார். பிடித்தேன். உள்ளங்கை கிழிந்து இரண்டு நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. வலையில் சூடை கொஞ்சம் வந்தது. வாக்கு வந்ததா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு மதகு. எங்கள் ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில் மாரி மழைக்குத் தண்ணீர் முழங்காலளவு நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒரு மதகுக்காக ஒருத்தி தேர்தலில் நிற்பதா என்று சிரித்தவர்களும் அந்தத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்தவர்கள்தான்.

வாக்களிப்பதாகச் சொன்னவர்களின் பெயர்களுக்கு நேரே தையல் கொப்பியில் சரி போட்டு வைத்தேன். பிரசாரம் ஓய்ந்த அன்று எண்ணிப் பார்த்தால் 236.

மே 6, மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்குகளை மாவட்டச் செயலகமான கச்சேரிக்குக் கொண்டுபோவதில்லை, போட்ட பாடசாலையிலேயே எண்ணுவார்கள். சின்ன வட்டாரத்தில் அது பெரிய கொடுமை. எந்த வகுப்பறையில் எத்தனை பேர் நம்மை விரும்பவில்லை என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும். எங்கள் முகவராக இருந்த அக்காவின் மகன் வெளியே வந்து வாயால் சொல்லாமல் கடதாசித் துண்டை நீட்டினான். இரண்டு நிலையங்களும் சேர்த்து 131.

அன்றிரவு கொப்பியை எடுத்து 236 பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யார் அந்த 105 பேர்? விடியும்வரை சந்தேகப்பட்டேன். விடிந்த பிறகு 2018 ஞாபகம் வந்தது. அந்த பெப்ரவரித் தேர்தலில் எங்கள் வீட்டுப் படலைக்கு ஒரு அண்ணன் வந்தார். நல்ல மனிதர். "உங்களுக்குத்தான் அண்ணன்" என்றேன், தேத்தண்ணீரும் கொடுத்தேன். போடவில்லை. அவர் தோற்றார். அடுத்த மாதம் அவர் மகளுடைய கலியாணச் சட்டையைத் தைத்தவள் நான். அளவெடுத்தபோதும் "உங்கள் அப்பாவுக்குத்தான் போட்டேன்" என்று சொன்னதாக ஞாபகம். வாசலில் வெயிலோடு வந்து நிற்கும் மனிதரிடம் "போடமாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்த அதே கையால்தான் அந்தப் பொய்யையும் கொடுத்தேன்.

மச்சாளுக்குப் பிறகும் வந்துகொண்டே இருக்கிறார்கள். இதுவரை "உனக்குத்தான்" என்று சொன்னவர்களைக் கூட்டினால் நான் வென்றிருக்க வேண்டும். எல்லோருக்கும் "தெரியும்" என்றே சொல்கிறேன்.

செலவறிக்கையை 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 2023இல் வந்த சட்டம் அது. துண்டுப்பிரசுரம், முச்சக்கர வண்டி, தேத்தண்ணீர், பணிஸ் என்று எழுதிக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. வென்றவருடைய தாயார். மகன் சபையில் சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாளுக்குப் புதுச் சேலைக்குச் சட்டை வேண்டுமாம். அளவெடுத்து முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "உனக்குப் போடவில்லை பிள்ளை. பெற்ற பிள்ளை நிற்கும்போது எப்படிப் போடுவது?" என்றார்.

கூலியில் நூறு ரூபாய் குறைத்தேன். சட்டையை வாங்க வரும்போது மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மழை பெய்த அடுத்த நாளாகப் பார்த்து வாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.