தீப்பந்தைப் பார்த்த கையோடு பதிவு செய்யுங்கள்

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். அதைப் பார்க்க நண்பர்களோடு ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் போயிருந்தேன். இரவு ஒன்பதரை இருக்கும். எல்லோரும் கிழக்கே மிதுன விண்மீன் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, தென்மேற்கில் ஒரு வெளிச்சம் கிளம்பித் தெற்கே சரிந்தது. வெள்ளை, நடுவில் பச்சை. எங்கள் நிழல் தரையில் விழுந்தது! கடைசியில் துண்டு துண்டாகச் சிதறி அணைந்தது. மொத்தமே நான்கு விநாடிதான். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமான எரிகல்லைத் தீப்பந்து என்பார்கள். இது அதையும் எங்கோ தாண்டிவிட்டது.

நேரத்தைக் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றேன். நகர்ந்துவிட்டால் எந்த மரத்துக்கு மேல் தொடங்கியது, எந்த மேட்டுக்கு மேல் அணைந்தது என்பது குழம்பிவிடும். இரண்டு திசையையும் போன் திசைகாட்டியில் பார்த்தேன். உயரத்துக்கு முஷ்டி போதும்: கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. அணைந்த இடம் அடிவானத்துக்கு மேலே இரண்டு முஷ்டி.

"பக்கத்து ஊர்லதான் விழுந்திருக்கும்ணா" என்றார் கார் ஓட்டி வந்த தம்பி. பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பெரும்பாலானவை பல பத்து கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும் என்பதால், ஏழெட்டு நிமிடம் பேசாமல் காத்திருந்தோம். சத்தம் எதுவும் இல்லை. அதுவும் தகவல்தான், எழுதிக்கொண்டேன்.

மறுநாள் சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தை நிரப்பினேன். நின்ற இடம், நேரம், தொடக்கமும் முடிவும், நிறம், பிரகாசம், சிதறியதா, தடம் நின்றதா, சத்தம் கேட்டதா என்று கேட்பார்கள். குறிப்பு கையில் இருந்ததால் சீக்கிரம் முடிந்தது.

அப்புறம் பாதையைப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தேன். ஜெமினிட்ஸ் என்றால் அது மிதுனத்தில் உள்ள காஸ்டர் விண்மீன் பக்கம் போய்ச் சேர வேண்டும். இது மேற்கே போனது. ஆக, அந்தப் பொழிவோடு சம்பந்தமில்லாமல் தனியாக வந்த கல்!

ஒருவர் பார்த்ததை வைத்துத் திசை மட்டும்தான் சொல்ல முடியும்; தூரத்துக்கு வேறு ஊரிலிருந்து இன்னொருவர் வேண்டும். ஓசூரில் மைத்துனரும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவருக்கு அது அணைந்தது தென்கிழக்கில். வரைபடத்தில் கோடு போட்டால் இருவர் திசையும் கல்வராயன் மலைப் பக்கம் சந்திக்கின்றன. அவரையும் அன்றைக்கே படிவம் நிரப்ப வைத்துவிட்டேன்.