கேமராவின் சாய்வும் சுவரின் சாய்வும்

பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழிலில் ஒரு பாதி. மறுபாதி, உப்பளம், கடல்பாசி, படகுத்துறை என்று இந்த ராமநாதபுரம் கடற்கரையின் வேலைகளைப் பதிந்து வைப்பது. இரண்டுக்கும் இன்றுவரை 120 ரோல் என்ற அகலமான பிலிம் சுருளைப் போடும் மீடியம் ஃபார்மட் கேமராக்கள்தான். கட்டடத்துக்கு மாமியா 645, அதில் 50 மி.மீ. ஷிப்ட் லென்ஸ். உப்பளத்துக்கு ரோலை எஸ்எல்66. ஷிப்ட் லென்ஸை மேலும் கீழும் நகர்த்தலாம். ரோலையில் லென்ஸையே 8 டிகிரி வரை முன்னும் பின்னும் சாய்க்கலாம். செய்யும் வேலை வேறு வேறு என்றாலும், எது நேராக இருக்க வேண்டும், எது தெளிவாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுக்க வைப்பவை இரண்டும்.

கீழக்கரைத் தெருக்களுக்குள் கேமராவோடு போனவர்களுக்குத் தெரியும், பின்னால் நகர இடமே இருக்காது. எதிர்வீட்டுச் சுவரில் முதுகு ஒட்ட நின்றாலும் மாடி ஃபிரேமுக்குள் வராது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் மாடி வரும், ஆனால் சுவர்கள் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கும். ஷிப்ட் லென்ஸ் பிலிமின் அளவைவிடப் பெரிய வட்டமாகப் பிம்பத்தை விழவைக்கிறது. கேமராவை மட்டமாக வைத்து, லென்ஸை மட்டும் மேலே ஏற்றினால், அந்த வட்டத்தில் மாடி இருக்கும் பகுதி பிலிமுக்குள் வந்துவிடும். பிலிம் சுவருக்கு இணையாகவே நிற்பதால் நேர்கோடு நேர்கோடாகவே இருக்கும். ரொம்ப ஏற்றினால் ஓரம் இருளும், வட்டத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். கேமராவுக்குள் இருக்கும் ஒளி மீட்டரை ஷிப்ட் செய்த பிறகு நம்பக் கூடாது. கையில் பிடிக்கும் மீட்டரில் முன்பே அளந்துவிடுவேன்.

அப்படி ஒரு வேலை, முன்சுவர் தெருப்பக்கம் சரிந்திருந்த ஒரு பழைய வீட்டில். எவ்வளவு சரிவு என்பது படத்திலேயே தெரிய வேண்டும் என்று பொறியாளர் கேட்டிருந்தார். அதனால் தெருவின் நீளவாக்கில் நின்று சுவரைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டியிருந்தது. ட்ரைபாட் தலையில் ரசமட்டம் வைத்துக் கேமராவைச் சரிசெய்தேன். சுவருக்கு முன்னால் மாடியிலிருந்து வெள்ளை நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டோம். கடல் காற்று சந்துக்குள் புகுந்து நூலை ஆட்டிக்கொண்டே இருந்தது. அங்கே வேலை பார்த்த வயதான கொத்தனார் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“குண்டைத் தண்ணிக்குள்ள விடுங்க தம்பி, ஆட்டம் நின்னுரும்.”

“சரிங்கண்ணே.”

நின்றுவிட்டது. ஃபோகஸ் கண்ணாடியின் ஓரத்தோடு நூல் இணையாக விழுந்தது. நூலுக்கும் சுவருக்கும் நடுவே, மேலே விரல் நுழையாத இடைவெளி, கீழே வர வர விரிந்து இரண்டு செங்கல் அகலம். அந்த ஃபிரேமைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது. கேமராவின் சாய்வை முழுக்க நீக்கினால்தான் சுவரின் சாய்வு கண்ணுக்குத் தெரியும். அண்ணாந்து எடுத்த படத்தைப் பிறகு கணினியில் நேராக்கலாமே என்று கேட்பார்கள். எந்தச் சாய்வு கேமராவுடையது, எது சுவருடையது என்று மென்பொருளுக்குத் தெரியாது. சரிந்த சுவரையும் சேர்த்து நிமிர்த்திவிடும். பொறியாளருக்குத் தேவையானதே அதில்தான் போய்விடுகிறது.

1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தையும் இப்படித்தான் எடுக்கிறேன். கூரை இல்லாத சுவர்களில் எது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று வருடத்துக்கு வருடம் ஒப்பிட, கேமரா ஒவ்வொரு முறையும் மட்டமாக இருந்தாக வேண்டும்.

லென்ஸைச் சாய்க்கும் டில்ட்டுக்கு வருகிறேன். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் தட்டையான நிலம். காலடியில் இருக்கும் உப்புப் படிகத்திலிருந்து தொடுவானம் வரை தெளிவு வேண்டுமென்றால், லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரை எவ்வளவு சுருக்கினாலும் சாதாரண லென்ஸ் போதாது. துவாரத்தை f/22-க்கும் மேல் சுருக்கினால் படம் முழுவதும் கூர்மை மங்கத் தொடங்கும். லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தால், தெளிவாக விழும் தளமான ஃபோகஸ் தளமே படுத்துத் தரையோடு தரையாகிவிடும். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்ய முயன்ற ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமை பெற்ற கணக்கு இது. களத்தில் அதை நான் சுருக்கி வைத்திருக்கிறேன்: லென்ஸின் மி.மீ. அளவைத் தரையிலிருந்து கேமராவின் உயரத்தால் (அதுவும் மி.மீ.-இல்) வகுத்து, 57-ஆல் பெருக்கு, சாய்க்க வேண்டிய டிகிரி வரும். 80 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் 3 டிகிரி போதும். 60 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் ஏழரை டிகிரிக்குச் சற்று மேல், ரோலையின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. பாத்தி வரப்பில் மண்டியிட்டு, மேலிருந்து குனிந்து பார்க்கும் ஃபைண்டரில் அந்தத் தரை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நேரத்தில் கூர்மையாவதைப் பார்ப்பது, இத்தனை காலத்துக்குப் பிறகும் எனக்குச் சலிக்கவில்லை.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இது சுலபமில்லை. லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியான பெல்லோஸ், நீட்டினால் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும். ட்ரைபாட் நடுவில் மணல் பையைத் தொங்கவிட்டு, வீச்சு அடங்கும் இடைவெளியில்தான் ஷட்டரை அழுத்த முடியும். உப்பு பெல்லோஸின் மடிப்புகளில் தங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, இருட்டறையில் உள்ளே சின்ன டார்ச்சைவிட்டு ஓட்டை ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

ஆனால் அந்தத் தெளிவு ஒரு ஆப்பு வடிவம். கேமராவுக்கு அடியில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, தூரம் போகப் போக மேலும் கீழும் தடிக்கும். 60 செ.மீ. உயரத்தில், f/16-இல், ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஏறக்குறைய முழங்கால் வரைதான் தெளிவு. நீளக் கைப்பிடிப் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா, “எங்க மூஞ்சி நல்லா விழுமா தம்பி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பாத்தியின் படிகமெல்லாம் பளிச்சென்று இருந்து, வெயிலில் அதை வாருகிறவரின் முகம் மங்கினால் அது என்ன ஆவணம்? ஆள் இருக்கும் படத்தில் டில்ட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ட்ரைபாடை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, முகத்தில் ஃபோகஸ் வைக்கிறேன். f/16-இல் சுமார் மூன்று மீட்டரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் வரை தெளிவாக வரும், தொடுவானம் லேசாகக் கரையும். கரையட்டும். ஆள் இல்லாத பாத்திக்குத் தனியாக ஒரு ஃபிரேம், டில்ட் போட்டு. ஒரு ரோலில் பன்னிரண்டு ஃபிரேம் இருக்கிறது, இரண்டையும் எடுக்க இடமுண்டு.