யொகோசுகாவில் இசூமோவைப் பார்த்த கதை

டோக்கியோவிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக உட்கார்ந்திருந்தால் யொகோசுகா வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே கடல். கடலை ஒட்டி வெர்னி பூங்கா. 1860களில் இங்கே கப்பல் கட்டும் தளத்தை அமைக்க வந்த பிரெஞ்சுப் பொறியாளர் லெயோன்ஸ் வெர்னியின் பெயரைத் தாங்கிய இப்பூங்காவில் நின்று கடலை நோக்கினால், எதிர்க்கரை முழுவதும் அமெரிக்கக் கடற்படைத் தளமாகவும், இடப்பக்கத்தில் உள்ள யோஷிகுரா துறை ஜப்பானின் கடல்சார் தற்காப்புப் படைக்கு உரியதாகவும் விரிகின்றன. அந்த யோஷிகுரா துறையில் நிற்கும் இசூமோ என்ற ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பலைக் காண்பதற்காகவே நான் போயிருந்தேன்.

பூங்காவில், முத்சு என்னும் பழைய போர்க்கப்பலின் 41 சென்டிமீட்டர் பீரங்கிக் குழாய் ஒன்றைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் குண்டெறியக்கூடிய அந்தக் குழாயின் வாயருகே நின்று இடப்பக்கம் திரும்பினால், பெரிய பீரங்கி ஒன்றுகூட இல்லாத இசூமோவின் நெடிய பக்கவாட்டுத் தோற்றம் தெரிகிறது. அந்தக் கப்பலின் ஆயுதம் அதன் ஹெலிகாப்டர்கள்தாம்; மற்றவை அனைத்தும் அவற்றுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடுகள்.

துறைமுகத்தைச் சுற்றிக்காட்டும் படகு ஷியோயிரிப் படகுத்துறையிலிருந்து கிளம்புகிறது. சுற்று முடிய 45 நிமிடங்கள் ஆகும். விளக்கவுரை ஜப்பானிய மொழியில்தான் என்பதால் கப்பல்களின் பெயர்களைத் தவிர எனக்கு அதிகம் பிடிபடவில்லை. ஆனால் படகு செல்லும் பாதையின் வரிசையே ஹெலிகாப்டர் கப்பல்களின் வரலாற்றைப் போதுமான அளவு சொல்லிவிடுகிறது என்பது என் அனுபவம்.

முதலில் வந்தவை நீர்மூழ்கிகள். அமெரிக்கத் தளத்தின் ஓரத்திலேயே ஜப்பானிய நீர்மூழ்கிகளும் கட்டப்பட்டிருக்கின்றன. கரிய முதுகும் கோபுரமும் மட்டும் வெளியே தெரிய, பின்புறத்தில் பெருக்கல் குறி வடிவச் சுக்கான்களின் மேல் நுனிகள் நீருக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றன. இந்த வடிவச் சுக்கான் சோர்யூ, தாய்கேய் வகை நீர்மூழ்கிகளுக்கு உரியது. மின்கலத்தில் ஓசையின்றி ஓடும் இத்தகைய நீர்மூழ்கியை, தன் இயந்திர இரைச்சலைத் தானே சுமந்து செல்லும் ஒரு மேற்பரப்புக் கப்பல் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டால் அக்கப்பலே நீர்மூழ்கியின் குறிக்குள்ளும் வந்துவிடுகிறது.

இதற்கு யொகோசுகாவே சாட்சி. 1944 நவம்பர் 19 அன்று இங்கே படையில் சேர்க்கப்பட்ட ஷினானோ, அன்றைய நாளில் உலகிலேயே மிகப் பெரிய விமானந்தாங்கிக் கப்பல். அது கூரே துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்ட முதல் பயணத்திலேயே, ஆர்ச்சர்ஃபிஷ் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஏவிய, நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் டார்பிடோக்களுக்கு இரையாகி நவம்பர் 29 அன்று மூழ்கியது. அதைக் கட்டிய உலர்துறை இன்றும் அமெரிக்கத் தளத்துக்குள் இருக்கிறது. போருக்குப் பின் ஜப்பான் தன் கடற்படையை மீண்டும் உருவாக்கியபோது நீர்மூழ்கி வேட்டைக்கே முதலிடம் கொடுத்ததை, சரக்குக் கப்பல்களையும் போர்க்கப்பல்களையும் ஒருசேர நீர்மூழ்கிகளிடம் இழந்த அந்த நினைவோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நீர்மூழ்கியை வேட்டையாடும் ஹெலிகாப்டர், கடலுக்கு மேல் ஓரிடத்தில் அந்தரத்தில் நின்றபடி, ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனார் கருவியை நீண்ட கம்பியில் தண்ணீருக்குள் இறக்கிக் கேட்கும்; பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் பறந்துவிடும். டார்பிடோவும் அதனிடமே இருக்கும். நீருக்கடியில் இருப்பவனால் அதைத் திருப்பித் தாக்குவது எளிதன்று. ஆனால் எரிபொருள் தீரத் தீர அது திரும்பி வந்து இறங்கியாக வேண்டும். அலையில் உருண்டு புரளும் ஒரு சிறிய கப்பலின் பின்தளத்தில், இருட்டிலும் காற்றிலும் அதை இறக்குவது எப்படி என்பதே பல கடற்படைகளுக்கு முதல் சிக்கலாக இருந்தது.

அமெரிக்கத் துறைகளில் அடுத்தடுத்து நின்ற அர்லே பர்க் வகை நாசகாரிக் கப்பல்கள் அந்தச் சிக்கலின் மிச்சத்தைக் காட்டின. அவ்வகையின் முதல் 28 கப்பல்களில் ஹெலிகாப்டர் வந்து இறங்கத் தளம் உண்டு, தங்க ஹேங்கர் என்னும் கொட்டகை இல்லை. பிற்பாடு கட்டப்பட்டவற்றில் இரண்டு ஹெலிகாப்டர்களுக்கு ஹேங்கர் உண்டு. இரு வகைகளையும் அருகருகே பார்த்தபோது, பிந்தியவற்றின் பின்புறத்தில் எழும்பிய அந்த இரட்டைக் கதவுச் சுவர் சட்டெனக் கண்ணில் பட்டது. விருந்தாளியாக வந்து போன ஹெலிகாப்டர் வீட்டில் ஓர் அறை கேட்டுப் பெற்றுவிட்டதைப் போல எனக்குத் தோன்றியது.

சிறிய தளத்தில் இறங்கும் சிக்கலுக்கு நல்ல தீர்வைக் கண்டவர்கள் கனடியர்கள். 1960களில் அவர்கள் உருவாக்கிய 'பேர்டிராப்' முறையில், மேலே மிதக்கும் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கும் கயிற்றோடு கப்பலின் கம்பியை இணைத்து, அதை இழுத்துப் பிடித்தபடியே ஹெலிகாப்டரைத் தளத்துக்குக் கொண்டுவருவார்கள். தளத்திலுள்ள ஒரு பொறி அதன் அடியில் நீட்டியிருக்கும் தண்டைக் கவ்விக்கொள்ளும். பிறகு அந்தப் பொறியே தண்டவாளத்தில் நகர்ந்து ஹெலிகாப்டரை ஹேங்கருக்குள் இழுத்துச் செல்லும். 1973இல் படையில் சேர்ந்த ஹருனா என்ற ஜப்பானியக் கப்பல் இம்முறையைப் பயன்படுத்திக்கொண்டு, 153 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஹெலிகாப்டர்களைச் சுமந்தது. அதன் முன்பாதியில் இரண்டு பீரங்கிகள், பின்பாதி முழுவதும் தளம். ஏன் மூன்று? ஒன்று வேட்டைக் களத்தில் இருக்கும்போது ஒன்று எரிபொருள் நிரப்பிக்கொண்டோ போய் வந்துகொண்டோ இருக்கும். இன்னொன்று பழுது பார்க்கப்படும். ஒரே ஒரு ஹெலிகாப்டர் உள்ள கப்பலால் வேட்டையைத் தொடங்க முடியும். விடாமல் தொடர முடியாது. பின்னாளில் ஜப்பான் எட்டுக் கப்பல்களுக்கு எட்டு ஹெலிகாப்டர்கள் என்ற கணக்கில் தன் அணிகளை அமைத்தபோது, அவற்றில் மூன்றை ஹருனா போன்ற ஒரு கப்பலும் மற்ற ஐந்தைத் தலைக்கு ஒன்றாக ஐந்து கப்பல்களும் சுமந்தன.

படகு டோக்கியோ விரிகுடாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு நாகவுரா துறைமுகத்துக்குள் நுழைந்தது. இங்கே, கடலில் வைக்கப்பட்ட வெடிகண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்கள் நிற்கின்றன. பார்ப்பதற்கு எளியவை, சிறியவை. காந்தக் கண்ணிகளைத் தூண்டிவிடாதிருக்க உடலை மரத்தாலோ கண்ணாடியிழையாலோ செய்கிறார்கள் என்பதைத் தவிர நான் இங்கே அதிகம் நிற்கவில்லை. அதன்பின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஒரு குறுகிய கால்வாய் வழியாகப் படகு மீண்டும் யொகோசுகா துறைமுகத்துக்குள் வந்தது. வந்ததும் இசூமோ.

படகிலிருந்து பார்க்கையில் முதலில் அது கப்பலாகவே தெரியவில்லை. வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட சுவர். 248 மீட்டர் நீளம், 38 மீட்டர் அகலம், முழுச் சுமையோடு ஏறத்தாழ 26,000 டன். 2015 மார்ச் 25 அன்று இது படையில் சேர்ந்த அதே நாளில், ஹருனாவின் தம்பி முறையான ஷிரானே ஓய்வு பெற்றது. மூன்று ஹெலிகாப்டர்களைச் சுமந்த கப்பலின் இடத்துக்கு, வழக்கமாக ஏழு நீர்மூழ்கி எதிர்ப்பு ஹெலிகாப்டர்களும் இரண்டு மீட்புப் பணி ஹெலிகாப்டர்களும் கொள்ளத்தக்க கப்பல் வந்தது. மேல்தளத்தில் ஐந்து இறங்குமிடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்று இறங்கி முடிக்கும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டிய அவசியம் இங்கே இல்லை. பேர்டிராப் போன்ற பொறியின் கெடுபிடியும் இத்தனை பெரிய கப்பலில் குறைந்துவிடுகிறது.

மேல்தளத்தைத் தாங்கி நிற்கும் உடலுக்குள் நீண்ட ஹேங்கர் இருக்கிறது. அதற்கும் தளத்துக்கும் இடையே இரண்டு லிஃப்ட்கள். முன்னது தளத்தின் நடுவே அமைந்தது. பின்னது வலப்பக்க விளிம்பில், கடலுக்கு மேலாக ஏறி இறங்குவது. இந்தச் சிறு வேறுபாடு முக்கியமானது: விளிம்பில் இருக்கும் லிஃப்டில் ஒரு பக்கம் சுவர் இல்லாததால், லிஃப்டை விட நீளமான பறவூர்தியின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் குறையில்லை. இசூமோவுக்கு முன் 2009இல் வந்த ஹ்யூகா என்ற ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பலில் இரண்டு லிஃப்ட்களுமே தளத்தின் நடுவில்தான் உள்ளன. ஹ்யூகா 197 மீட்டர் நீளம். ஏவுகணைகளுக்கு 16 செங்குத்து ஏவுகுழாய்களையும் வைத்துக்கொண்டிருக்கிறது. இசூமோ அவற்றையும் விட்டுவிட்டு, குறுந்தூரத் தற்காப்பு ஆயுதங்களோடு நிறுத்திக்கொண்டது. தன்னைக் காக்கும் பொறுப்பைத் துணைக் கப்பல்களிடம் ஒப்படைத்துவிட்டு, மிஞ்சிய இடத்தையெல்லாம் ஹெலிகாப்டருக்கே தரும் துணிவு இது என்பேன்.

அன்று தளத்தில் ஒரு ஹெலிகாப்டர்கூட இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு பயணிக்கு அது ஏமாற்றமாகப் போய்விட்டது. கப்பல் துறையில் நிற்கும்போது அப்படித்தான் இருக்கும். நீர்மூழ்கி எதிர்ப்பு ஹெலிகாப்டர்களின் வீடு விரிகுடாவுக்கு அக்கரையில், தத்தேயாமா விமானத் தளத்தில் இருக்கிறது. கப்பல் கடலுக்குப் போகும்போதே அவை வந்து சேர்கின்றன.

போரை விடுத்து வேறு வேலைகளிலும் இவ்வகைக் கப்பல்கள் ஓய்ந்திருப்பதில்லை. 2013இல் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைச் சிதைத்தபோது ஹ்யூகாவின் சகோதரிக் கப்பலான இசே அங்கே சென்றது. 2016இல் குமாமோத்தோ நிலநடுக்கத்தின்போது ஹெலிகாப்டர் போலச் செங்குத்தாக இறங்கக்கூடிய அமெரிக்க ஆஸ்ப்ரே விமானங்கள் ஹ்யூகாவின் தளத்தில் இறங்கி நிவாரணப் பொருள்களை ஏற்றிச் சென்றன. சாலைகள் உடைந்த கடற்கரையில் ஓடுதளம் தானே நகர்ந்து வந்து நிற்பதன் பயன் எளிதில் விளங்கும். இசூமோவில் 35 படுக்கைகள் கொண்ட மருத்துவப் பகுதியும் உண்டு.

எனினும் இசூமோ இனி ஹெலிகாப்டர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கப்போவதில்லை. 2018 டிசம்பரில் ஜப்பானிய அரசு இதையும் இதன் சகோதரியான காகாவையும், குறுகிய தூரத்தில் எழுந்து செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி போர்விமானங்களுக்கு ஏற்றபடி மாற்ற முடிவெடுத்தது. அந்த இயந்திரத்தின் அனலைத் தாங்கும் பூச்சு தளத்தில் பூசப்பட்டபின், 2021 அக்டோபரில் அமெரிக்க மரீன் படையின் விமானங்கள் இசூமோவில் இறங்கிக் காட்டின. நான் பார்த்தபோது கப்பலின் முன்முனை பழைய சரிவக வடிவிலேயே இருந்தது. விமானம் ஓடி எழ வசதியாக அதைச் சதுரமாக்கும் வேலை அப்போது இன்னும் மீதமிருந்தது. ஹேங்கரின் இடம் அளவானது என்பதால், உள்ளே வரும் ஒவ்வொரு போர்விமானத்துக்காகவும் சில ஹெலிகாப்டர்கள் கரையில் தங்க வேண்டிவரும். நீர்மூழ்கி வேட்டைக்காகவே அரை நூற்றாண்டு உழைத்து வளர்த்தெடுத்த ஒரு வடிவத்தை இப்படிப் பங்கிடுவது சரியா என்ற ஐயம் எனக்கு உண்டு. இந்தத் துறைமுகத்தில் நான் முதலில் பார்த்த அந்தக் கரிய முதுகுகளைப் போன்றவை மற்ற நாடுகளிடமும் பெருகிவருகின்றன.

முன்முனை சதுரமாக்கப்பட்ட காகா கூரே துறைமுகத்தில் இருக்கிறது. அங்கேயும் போர்க்கப்பல்களைச் சுற்றிக்காட்டும் படகு ஓடுகிறது. இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அடுத்த முறை அங்கே போக எண்ணியிருக்கிறேன். யொகோசுகாவுக்குச் செல்பவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: எந்த நாளில் எந்தக் கப்பல் துறையில் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ரயிலை விட்டு இறங்கியதும் பூங்காவிலிருந்து இடப்பக்கம் பார்த்து, இசூமோ நிற்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, அதன்பின் படகுச் சீட்டை வாங்குவது நல்லது.