கடைமடைக்கும் தோட்டா வர வேண்டும்

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும். நானும் மச்சானும் ரெசிடென்ட் ஈவில் 5 என்ற ஜாம்பி வீடியோ கேமைச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தோம். மச்சான் ஹெட்செட்டில், "மாப்ள, என்கிட்ட ஆறுதான் இருக்கு" என்றான். ஷாட்கனில் ஆறு தோட்டா. நான் அவனை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து, சண்டையே இல்லாத ஓர் இடத்தில், பையில் இருபத்துநாலு ஷாட்கன் தோட்டாவோடு நின்றுகொண்டிருந்தேன். என் கையில் இருந்தது மெஷின் கன். அந்தத் தோட்டாவால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, வழியில் கிடந்தது, முன்னால் போனவன் நான், எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். பக்கத்தில் போனால்தான் கை மாற்ற முடியும் என்பதால் திரும்பி ஓடினேன். அதற்குள் அவன் விழுந்துவிட்டான். இந்த விளையாட்டில் ஒருவர் செத்தால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. அந்த இருபத்துநாலு தோட்டாவும் யாருக்கும் உதவாமல் போனது.

2009-ல் வந்த விளையாட்டு அது. கறாராகச் சொன்னால் அதில் வருகிறவர்கள் ஜாம்பிகள் இல்லை, ஒட்டுண்ணி புகுந்த மனிதர்கள். ஆனால் கூட்டமாக வருவதிலும் விடாமல் துரத்துவதிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. தோட்டாவைப் பங்கு போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்ததில் இதற்கு இணையான விளையாட்டை நான் ஆடியதில்லை. பையில் ஆளுக்கு ஒன்பது கட்டம்தான். துப்பாக்கி, மருந்து, தோட்டா எல்லாம் அந்த ஒன்பதுக்குள் அடங்க வேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டா ஒரு கட்டத்துக்கு ஐம்பது, ஐம்பத்தொன்றாவது தோட்டா இன்னொரு கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் "இருக்கட்டும், அப்புறம் உதவும்" என்று சேர்த்து வைத்தால் மருந்துக்கு இடம் இருக்காது. இருவரும் ஒரே வகைத் துப்பாக்கியைப் பிடித்தால் ஒரே தோட்டாவுக்கு இருவரும் கை நீட்ட வேண்டி வரும். ஒருவர் ஷாட்கன், இன்னொருவர் மெஷின் கன் என்று ஆட்டம் தொடங்கும்போதே பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும். அப்புறம் காலிலோ தலையிலோ ஒரு குண்டு போட்டுத் தடுமாற வைத்துவிட்டு, ஓடிப்போய் ஓங்கி ஒரு குத்து விட்டால் நாலைந்து தோட்டா மிச்சம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில்தான் எங்களுக்கு. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு டார்ச் எடுத்துக்கொண்டு ராத்திரியில் வாய்க்கால் கரையோடு போயிருக்கிறேன். மேலே யாராவது மடையை அடைக்காமல் தூங்கியிருந்தால் எங்கள் வயலில் நாற்று காயும். அந்த ஆளுக்கு எங்கள் மேல் எந்த விரோதமும் கிடையாது. அவர் வயலில் தண்ணீர் நின்றது, அவருக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். ஜாம்பி விளையாட்டில் முன்னால் போகிறவன் தலைமடைக்காரன். அலமாரி, பெட்டி, செத்தவன் விட்டுப் போனது எல்லாம் முதலில் அவன் கண்ணில்தான் படும். பின்னால் வருகிறவன் கடைமடை. ஆனால் கூட்டம் பின்னாலிருந்து வரும்போது, அதிகம் சுட வேண்டியவன் அந்தக் கடைசி ஆள்தான். இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டதே அந்த சனிக்கிழமைதான்.

நாலு பேராக ஆடும்போது கணக்கு வேறு. 2020 ஊரடங்கில், பல வருஷத்துக்கு அப்புறம் ஜூன் 12 அன்றே மேட்டூர் திறந்த அந்த வருஷம், நான், மச்சான், மன்னார்குடி நண்பன், நாகப்பட்டினத்து அண்ணன் ஒருவர் என நாலு பேர் லெஃப்ட் 4 டெட் 2 என்ற இன்னொரு ஜாம்பி விளையாட்டைத் தொடங்கினோம். அதில் தோட்டாவைக் கையில் எடுத்துக் கொடுக்கவே முடியாது. மாத்திரை கொடுக்கலாம், ஊசி கொடுக்கலாம், தோட்டா கிடையாது. தோட்டாக் குவியல் இருக்கும் இடத்துக்கு அவரவர்தான் போய் நிரப்பிக்கொள்ள வேண்டும், அது எத்தனை பேர் எடுத்தாலும் தீராது. அப்படியென்றால் பகிர்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நேரம் இருக்கிறது. குவியலுக்கு ஒருவன் போகும்போது மற்ற மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா, இல்லை அடுத்த தெருவுக்கு ஓடிவிட்டார்களா என்பதுதான் அங்கே பங்கு.

பம்ப் ஷாட்கனில் 8 தோட்டா, கையிருப்பு நூறுக்குள்தான். எஸ்எம்ஜி என்கிற சின்ன மெஷின் கன்னில் 50, கையிருப்பு 650. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் முதலில் குவியலுக்குப் போக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் மன்னார்குடி நண்பன், கையில் எஸ்எம்ஜி, கணக்கில் அறுநூறு இருக்கும்போதே முதலில் போய் நிரப்புவான், ஷாட்கன் அண்ணன் வாசலில் நின்று காவல் காப்பார். அண்ணன் வயசில் பெரியவர், கேட்க மாட்டார். "நீங்க மொதல்ல போங்கண்ணே" என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நாங்கள் ஒரு குழுவாக ஆனோம் என்று நினைக்கிறேன்.

அதில் பிஸ்டல் தோட்டாவுக்கு எல்லையே இல்லை. ஒன்றிரண்டு பேராகத் தள்ளாடி வருகிறவர்களைப் பிஸ்டலால் முடித்துவிட்டு, பெரிய துப்பாக்கியைக் கூட்டத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. கிரிக்கெட் மட்டை எடுத்தால் தோட்டாவே வேண்டாம், ஆனால் அது பிஸ்டலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் நாலு பேரும் மட்டை எடுக்கக்கூடாது. டேங்க் என்கிற ராட்சத ஜாம்பி வந்தால் மோலடோவ் (பெட்ரோல் குண்டு) வைத்திருப்பவன் முதலில் எறியட்டும். நெருப்பு எரிகிற நேரத்தில் தோட்டாவைக் கொட்டாமல் பின்வாங்கிக்கொண்டே இருக்கலாம்.

கால் ஆஃப் டூட்டி ஜாம்பியில் மேக்ஸ் அம்மோ என்ற தோட்டாப் பரிசு விழுந்தால், ஒருவர் எடுத்தாலே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நிரம்பும். பழைய பாகங்களில் அது கையிருப்பை மட்டும்தான் நிரப்பும், துப்பாக்கிக்குள் இருப்பதைத் தொடாது. அதனால் பார்த்த உடனே பாய்ந்து எடுக்கக்கூடாது, "ரீலோட் போடுங்க" என்று கத்த வேண்டும், மூவரும் போட்ட பிறகு எடுக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது இதற்காகக் காத்து நின்ற ஒருவனை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெயர் தெரியாது, மொழியும் தெரியாது. மேக்ஸ் அம்மோவைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தான், எடுக்கவில்லை, நான் ரீலோட் முடித்ததும் அதன் மேல் ஏறி எடுத்தான். கில்லிங் ஃப்ளோர் 2 விளையாட்டில் சப்போர்ட் என்ற பாத்திரத்தை எடுப்பவன் அதற்கான திறனைத் தேர்ந்திருந்தால், எதிரிகளின் ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை அவனிடம் மற்றவர்கள் தோட்டா வாங்கிக்கொள்ளலாம், கையில் இருக்கிற பணத்தையும் தூக்கிப் போடலாம். கடையில் பணம் போதாமல் நிற்பவன் காலடியில் கேட்காமலே பணம் போடுகிறவர்களோடு நான் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் ஆடுவேன்.

சரி, மச்சானும் நானும் இப்போது எப்படி ஆடுகிறோம் என்றால், தீர்ந்த பிறகு சொல்வதில்லை. பாதிக்கு வந்ததுமே எண்ணைச் சொல்லிவிடுகிறோம். "இருபது." "பதினஞ்சு." வேறு பேச்சு வேண்டாம், எண் மட்டும். "தீந்துபோச்சு" என்று சொல்லும் நேரத்தில் கொடுப்பவனும் சண்டைக்குள் இருப்பான், கட்டத்தைத் திறந்து தேடிக் கொடுக்க அவனால் முடியாது. கதவைத் திறப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டும். சமமாகப் பிரிப்பதையும் விட்டுவிட்டோம். பின்னால் நிற்கிறவனுக்கு அவன் துப்பாக்கித் தோட்டா முழுசாகப் போகும், மிச்சத்தை வைத்து முன்னால் போகிறவன் சமாளிப்பான்.

நேற்று ராத்திரி அதே இடத்தை மறுபடி ஆடினோம். ஷாட்கன் தோட்டா அங்கேயே கிடந்தது. நான் எடுக்கவில்லை. "மாப்ள, ஒன்னோடது இங்க கெடக்கு, வந்து எடு" என்றேன். வந்தான், எடுத்தான், அவன் வழியில் எனக்காக எடுத்து வைத்திருந்த மெஷின் கன் தோட்டாவை என் பக்கம் தள்ளினான். அப்புறம்தான் கதவைத் திறந்தோம்.