மின்மாற்றி எண்ணெய்க்குள் மின்புலத்தை ஒளியால் அளப்பது

எண்ணெய்க்குள் உலோக உணரியை இறக்கினால் அதுவே புலத்தைக் குலைத்துவிடும். கணக்கிட்டுப் பார்க்கலாம் என்றால், நேர்மின்னழுத்தத்தில் (DC) மின்முனையிலிருந்து எண்ணெய்க்குள் எவ்வளவு மின்னூட்டம் புகுகிறது என்பது முன்கூட்டித் தெரியாது. அங்கேதான் 1875இல் ஜான் கெர் கண்ட விளைவு கைகொடுக்கிறது: மின்புலத்துக்குள் திரவம் இரட்டை ஒளிவிலகல் காட்டும், அதாவது ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறும்; அதன் அளவு புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருக்கும்.

ஒரு திரவத்தில் இந்த விளைவு எவ்வளவு வலுவானது என்று சொல்லும் கெர் மாறிலி, நைட்ரோபென்சீன் என்ற திரவத்துக்கு 10⁻¹² மீ/வோ² அளவில் இருக்கிறது. எண்ணெய்க்கோ 10⁻¹⁵தான். 10 செ.மீ. நீளத் தகடுகள், 5 மி.மீ. இடைவெளி, 25 கிலோவோல்ட் என்று எடுத்துக்கொள்வோம். மாறிலி 2×10⁻¹⁵ என்றால், புலத்தின் திசையில் அதிரும் ஒளிக்கும் அதற்குக் குறுக்கே அதிரும் ஒளிக்கும் இடையே கட்ட வேறுபாடு 0.03 ரேடியன். ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு போலராய்சர்கள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிப்பான்கள்) மட்டும் இருந்தால், உள்ளே போகும் ஒளியில் சுமார் 4000இல் ஒரு பங்குதான் வெளியே வரும். நடுவில் ஒரு கால் அலைத் தகட்டை (கட்ட வேறுபாட்டில் கால் அலை கூட்டும் தகடு) வைத்தால் பாதி ஒளி எப்போதும் வந்துகொண்டிருக்கும், அதில் 3 சதவீதம் ஏறி இறங்கும். குறித்த அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையருக்கு அது தாராளம்.

விளைவு புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இருப்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தம் கொடுத்தால் சமிக்ஞை 100 ஹெர்ட்ஸில் வரும். அறை விளக்கும் அதே 100 ஹெர்ட்ஸில்தான் மினுக்கும், லாக்-இன்னால் இரண்டையும் பிரிக்க முடியாது. விளக்கை அணைப்பதோடு, டிடெக்டர் முன்னால் ஹீலியம்-நியான் லேசரின் 632.8 நானோமீட்டர் ஒளியை மட்டும் விடும் ஃபில்டரும் போடுங்கள். நேர்மின்னழுத்தத்தை அளக்க அதன்மேல் சிறு மாறுமின்னழுத்தத்தை ஏற்றுவார்கள். அப்போது அடிப்படை அதிர்வெண்ணிலும் சமிக்ஞை கிடைக்கும், நேர்ப்புலத்தின் திசைக்குறியும் தெரிந்துவிடும்.

ஊசி, தகடு போன்ற அமைப்பில் புலத்தின் அளவும் திசையும் ஒளிப்பாதை நெடுக மாறும். பல பாதைகளில் அளந்து உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு மீட்கும் டோமோகிராஃபி தேவைப்படுவது இங்கேதான். பொதுவாக இந்தக் கணக்கு நேரியல் அல்ல. ஆனால் எண்ணெயில் கட்ட வேறுபாடு அவ்வளவு சிறியது என்பதாலேயே அது நேரியலாகிவிடும். தொல்லை கொடுத்த அதே சிறுமை இங்கே பெரிய வரம். போலராய்சரை 45°இல் ஒரு தடவை, 0°இல் ஒரு தடவை வைத்து அளந்தால் ஒளிப்பாதை நெடுகக் கூட்டிய இரண்டு தொகையங்கள் கையில் இருக்கும். அச்சுச் சமச்சீர் இருந்தால் ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தி அளந்தாலே போதும். வெளி வளையத்திலிருந்து வெங்காயம் உரிப்பதுபோல் உள்ளே கணக்கிட்டுப் போகலாம், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஸான் குழு இப்படிச் செய்தது. சமச்சீர் இல்லாவிட்டால் பல கோணங்கள் வேண்டும். அப்போது எண்ணெய் உள்ள கலத்தைத் திருப்பாதீர்கள், உள்ளே மின்முனையை மட்டும் திருப்புங்கள். ஒளி நுழையும் கண்ணாடிச் சாளரம் சாய்ந்தால் கதிர் விலகிவிடும்.

உரிக்கும்போது வெளி வளையத்தின் பிழை உள்ளே சேர்ந்துகொண்டே போகும். முக்கியமான ஊசிமுனையில்தான் பிழை அதிகம், அங்கே வலுவான புலம் உள்ள பாதையும் சில மி.மீ. மட்டுமே.

சாளரத்தின் ஓ-ரிங்கை (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) அழுத்தும் திருகை அளவுக்கு மேல் இறுக்கினாலும் கண்ணாடி தகைவால் இரட்டை ஒளிவிலகல் காட்டும். மின்னழுத்தம் ஏற்றுமுன் பூஜ்ய அளவீட்டைப் பாருங்கள். திருகைச் சற்றுத் தளர்த்தும்போது அது மாறினால், கோளாறு சாளரத்தில்தான்.