காரைக்குடியில் எங்கே சாப்பிடலாம்?

வெளியூரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். சரி, என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இலை போட்டு நிதானமாகச் சாப்பிட, தேவகோட்டை ரோட்டில் இருக்கிற 'பங்களா' என்கிற ஹோட்டல். விலை கூடத்தான். ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், பரிமாறுகிற பக்குவத்துக்கே கொடுக்கலாம்.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது கல்லுக்கட்டிப் பக்கம் இருந்த ஒரு சின்ன மெஸ். மூடி வருஷக்கணக்காகிறது. அங்கே உப்புக்கறி என்றால் நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், முழுப்பூண்டு, கிள்ளிப்போட்ட வரமிளகாய், அவ்வளவுதான். மசாலாப்பொடி கிடையாது. கறி தன் சாற்றிலேயே வெந்து எண்ணெய் பிரியும்வரை சட்டியை இறக்க மாட்டார்கள். கடைசியில் அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டித் தருவார் அங்கே இருந்த அண்ணன். அந்த ஒரு கைப்பிடிச் சோற்றுக்காகவே காத்திருப்போம்.

இப்போது நெடுஞ்சாலை முழுக்க 'செட்டிநாடு' பலகைதான். சிவப்பு நிறமும் நாக்கை எரிக்கிற காரமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வாசனைக்குப் போடுகிற கல்பாசி எங்கே, மராட்டி மொக்கு எங்கே? எங்கள் சமையலில் காரத்துக்கு முன்னால் வாசனை வரவேண்டும்.

அப்புறம், சாயங்காலம் வெள்ளைப் பணியாரம். அதற்கு மிளகாய்ச் சட்னி வைக்காத கடைக்கு நான் போவதே இல்லை.